மேட்டில் ஊர், பள்ளத்தில் நகரம்: ஹெப்டன்ஸ்டால் ஏன் குன்றின்மேல் இருக்கிறது?

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள கால்டர் பள்ளத்தாக்கு சில ஆண்டுகளாக இரண்டு காரணங்களுக்காகச் செய்திகளில் அடிபடுகிறது. முதலாவது வெள்ளம். 2015 டிசம்பர் 26 அன்று ஹெப்டன் பிரிட்ஜ் நகரின் கடைத்தெருக்கள் நீரில் மூழ்கின. 2020 பிப்ரவரியில் மீண்டும் மூழ்கின. இரண்டாவது, பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள வால்ஷா மூர் என்னும் மேட்டு நிலத்தில் பெரிய காற்றாலைப் பண்ணை அமைக்கும் திட்டமும் அதற்குக் கிளம்பியிருக்கும் எதிர்ப்பும்.

மூழ்கிய அந்த நகரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், அதைவிட ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில், ஹெப்டன்ஸ்டால் என்ற ஊர் வெள்ளம் எட்டாமல் நிற்கிறது. இரண்டில் இதுவே மூத்த ஊர். மேலே பத்திரமான ஊர் இருக்கும்போது மக்கள் ஆற்றோரத்துக்கு ஏன் இறங்கினார்கள், மேட்டு நிலத்தில் நடப்பது கீழே இருப்பவர்களை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் இந்தச் சிற்றூரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. சுருங்கச் சொன்னால், ஊரை மேட்டில் ஏற்றியதும் பிழைப்புதான், நகரைப் பள்ளத்தில் இறக்கியதும் பிழைப்புதான். இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் அதன் பழமை, வேலை கைவிட்டுப் போனதால் மிஞ்சியது.

நிலத்தின் அமைப்பு

இந்தப் பகுதி மூன்று அடுக்குகளாக அமைந்தது. அடியில் கால்டர் ஆறும் ஹெப்டன் ஓடையும் அறுத்த குறுகலான, செங்குத்தான பள்ளத்தாக்கு. உச்சியில் மரமற்ற, காற்று வீசும் மேட்டு நிலம். இதைத்தான் ஆங்கிலேயர் 'மூர்' என்கிறார்கள். முழுதும் மட்காத தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான கரிய சதுப்பு மண் அதன்மேல் போர்த்தியிருக்கிறது. இந்த மண்ணுக்குப் 'பீட்' என்று பெயர். இரண்டுக்கும் இடையில், கடினமான மணற்கல்லாலான படி ஒன்று மலைச்சரிவிலிருந்து திண்ணைபோல நீண்டிருக்கிறது. ஹெப்டன்ஸ்டால் அந்தப் படியின்மேல் இருக்கிறது.

இடைக்காலத்தில் மக்கள் இந்த நடு அடுக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன.

1. பள்ளத்தாக்கின் அடி அப்போது வாழத் தகுந்த இடமாக இல்லை. ஆற்றோரம் சேறும் சதுப்புமாக இருந்தது. சரிவுகள் காடாக இருந்தன. குளிர்காலத்தில் அங்கே வெயில் எட்டும் நேரமும் குறைவு.

2. பாதை மேட்டில் சென்றது. சக்கர வண்டி ஓட முடியாத அந்த நாட்டில் சரக்கை ஏற்றிச் சென்றவை பொதிக் குதிரைகள். கல் பாவிய ஒற்றையடிப் பாதைகளில் வரிசையாக நடந்த அவை, சேற்றைத் தவிர்க்க மேட்டு வழியாகவே சென்றன. கிழக்கே ஹாலிஃபாக்ஸிலிருந்து மேற்கே லங்காஷயருக்குச் செல்லும் வழியில் ஹெப்டன்ஸ்டால் ஒரு நிறுத்தம். கீழே இருந்த ஹெப்டன் பிரிட்ஜ், அந்த வழி ஓடையைக் கடக்கும் இடம் மட்டுமே. அங்கே சுமார் 1510இல் கட்டிய கற்பாலம் இன்றும் இருக்கிறது. அதிலிருந்து ஊருக்கு நேரே ஏறும் 'பட்ரஸ்' என்ற கல் பாவிய செங்குத்துப் பாதையில் இப்போதும் நடந்து ஏறலாம்.

3. விளைந்தவரை விளைந்தது படியின்மேல்தான். மண் மெலிந்தது, மழை மிகுதி. கோதுமை வராது, ஓட்ஸ் வரும், சில மாடுகளும் ஆடுகளும் மேயும்.

மூன்றாவது காரணம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் விதை. நிலம் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பப் போதவில்லை. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் பக்கத்தில் இன்னொரு தொழிலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தொழில் கம்பளி நெசவு.

வீடே பட்டறை

பள்ளிப் பாடப் புத்தகங்கள் தொழிற்புரட்சியைத் தொழிற்சாலையிலிருந்து தொடங்குவதால், அதற்கு முந்தைய இரு நூற்றாண்டுகள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஹெப்டன்ஸ்டாலில் நெசவு ஒரு முழு வீட்டின் வேலையாக இருந்தது. பிள்ளைகள் கம்பளியைச் சீவிக் கொடுத்தார்கள். பெண்கள் நூற்றார்கள், ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் தேவைப்பட்டதால் அக்கம்பக்கத்து வீடுகளும் நூற்றன. ஆண் மாடியில் தறியில் உட்கார்ந்தார். நெய்த துணியைப் பள்ளத்தாக்கில் இருந்த நீர்விசை ஆலைக்குக் கொண்டுபோய், மரச்சம்மட்டிகளால் மொத்தி இழைகளை இறுக்கி எடுத்துவந்து, வயலில் நட்ட மரச்சட்டங்களில் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைத்தார்கள். இவற்றுக்கு நடுவே பால் கறப்பதும் ஓட்ஸ் அறுப்பதும் நடந்தன.

அந்த வாழ்க்கையை ஊரின் வீடுகளில் இன்றும் படிக்க முடியும். கல் சுவர்கள் தடித்தவை, கதவுகள் குட்டையானவை, ஆனால் மாடியில் மட்டும் ஐந்து, ஆறு, சில வீடுகளில் அதற்கும் மேற்பட்ட சன்னல்கள், இடையில் மெல்லிய கல்தூண்கள் மட்டும் நிற்க, ஒரே வரிசையாகச் சுவர் நீளத்துக்கும் ஓடுகின்றன. எளிய குடியிருப்புக்கு இத்தனை சன்னல் எதற்கு என்று பார்ப்பவர் திகைக்கலாம். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மெழுகுவத்திக்குக் காசு செலவாகும் என்ற கணக்கில் வைத்த சன்னல்கள் அவை.

1555இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய ஹாலிஃபாக்ஸ் சட்டம் இந்தப் பொருளாதாரத்துக்கு அரசே தந்த சான்று. கம்பளியை வாங்கி விற்கும் இடைத்தரகர்களைக் கட்டுப்படுத்தச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்டம் வந்திருந்தது. பெரிய வணிகர்கள் மொத்தமாக வாங்கிச் சமாளித்தார்கள். வாரத்துக்குக் கொஞ்சம் கம்பளி வாங்கி, தோளில் சுமந்து பல மைல் நடந்து வீடு சேரும் ஹாலிஃபாக்ஸ் பகுதிக் குடும்பங்கள் தவித்தன. அந்தப் பகுதி மலட்டு நிலம், அங்குள்ளவர்கள் நெசவை நம்பியே வாழ்கிறார்கள் என்று காரணம் சொல்லி, அவர்களுக்குமட்டும் 1555ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்தது. மலட்டு நிலம் என்பதையே ஒரு ஊர்ப்பகுதி தன் உரிமைக்கு ஆதாரமாக வைத்து வென்ற அரிய நிகழ்வு இது.

ஹெப்டன்ஸ்டாலுக்கென்று 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு துணிச் சந்தைக் கட்டடமும் எழுந்தது. நெய்தவர் தன் துணியைத் தானே கொண்டுவந்து வணிகரிடம் விற்கும் இடம் அது. அந்தக் கட்டடம் பின்னாளில் குடியிருப்பாக மாறிவிட்டது. 1642இல் இலக்கணப் பள்ளி ஒன்றும் நிறுவப்பட்டது. பின்னர் ஊரின் அருங்காட்சியகம் அமைந்தது அந்தப் பள்ளிக் கட்டடத்தில்தான். ஆற்றோரத்தில் வெறும் பாலமும் ஓரிரு ஆலைகளும் இருந்த காலத்தில் தேவாலயம், சந்தை, பள்ளி மூன்றும் மேட்டிலேயே இருந்தன.

1643 நவம்பர் 1 அன்று நடந்த சண்டையும் இதனால்தான் இங்கே நடந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையினர் ஹெப்டன்ஸ்டாலைத் தளமாக்கியிருந்தார்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த அரசர் படை மழையில் செங்குத்துப் பாதையில் ஏறியபோது, மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டு விரட்டினார்கள். சில வாரங்களில் நாடாளுமன்றப் படை தானாகவே ஊரை விட்டு வெளியேற, அரசர் படை உள்ளே வந்து சூறையாடியது.

தேவாலயமும் கலகமும்

இங்கே 'பாரிஷ்' என்ற சொல்லை விளக்கிவிட வேண்டும். ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பைக் குறிக்கும் சொல் அது. ஹாலிஃபாக்ஸ் பாரிஷ் இங்கிலாந்தின் மிகப் பெரிய பாரிஷ்களில் ஒன்று. மலைவாசிகள் ஞாயிறுதோறும் ஹாலிஃபாக்ஸ்வரை நடப்பது இயலாத காரியம் என்பதால், சுமார் 1260இல் ஹெப்டன்ஸ்டாலில் ஒரு துணைத் தேவாலயம் எழுப்பப்பட்டது. தாமஸ் பெக்கெட் பெயரிலான அந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள் ஹெப்டன்ஸ்டால், வாட்ஸ்வொர்த், எரிங்டன், லாங்ஃபீல்ட், ஸ்டான்ஸ்ஃபீல்ட் ஆகிய ஐந்து ஊர்ப்பகுதிகள் அடங்கின. சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் உடல் மேடேறி இங்கே வந்தது.

1847இல் ஒரு புயல் அந்தப் பழைய தேவாலயத்தின் கோபுரத்தைச் சேதப்படுத்தியது. செப்பனிடுவதற்குப் பதிலாக அதே கல்லறை வளாகத்தில் புதிய தேவாலயம் கட்டி 1854இல் முடித்தார்கள், பழையதை இடிக்கவில்லை. இன்று கூரையற்ற பழைய சுவர்களும் முழுமையான புதிய கட்டடமும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே மண் தெரிவதே அரிது. கல்லறைக் கற்கள் படுக்கவைக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டித் தளம்போலப் பரவியிருக்கின்றன. தேவாலயத்துக்குப் போகிறவர் பெயர்களின் மீதுதான் நடந்தாக வேண்டும்.

அந்தக் கற்களில் ஒன்று டேவிட் ஹார்ட்லியுடையது. அவரைப் பற்றிப் பலவிதமான கதைகள் உலவுவதால், நடந்ததை வரிசையாகப் பார்ப்பது நல்லது.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் நல்ல நாணயத்துக்குத் தட்டுப்பாடு. புழக்கத்தில் இருந்த தங்க நாணயங்கள் தேய்ந்திருந்தன. போர்ச்சுகல் நாட்டுத் தங்க நாணயங்களும் கடைகளில் செல்லுபடியாயின. எந்த நாணயம் சரியான எடையில் இருக்க வேண்டும் என்பதே மங்கிப்போன இந்தச் சூழலில், ஹெப்டன் பிரிட்ஜுக்குத் தெற்கே உள்ள க்ராக் வேல் பகுதியில் ஒரு கூட்டம் கினி என்னும் ஆங்கிலத் தங்க நாணயங்களின் விளிம்பை வெட்டி, அரம்போட்டு வரிகளை மறுபடி செதுக்கிப் புழக்கத்தில் விட்டது. வெட்டிய துகளை உருக்கிப் போலிப் போர்ச்சுகல் நாணயம் அடித்தது. நாணயம் கொடுத்து உதவியவர்களுக்கு ஒரு பங்கு கிடைத்ததால் வட்டாரத்தில் பலரும் இதில் கைநனைத்தார்கள். கூட்டத்தின் தலைவர் ஹார்ட்லி. 'டேவிட் ராஜா' என்றே அவரை அழைத்தார்கள்.

நாணயத்தை வெட்டுவது அன்று அரச துரோகக் குற்றம். ஹாலிஃபாக்ஸின் கலால் மேற்பார்வையாளர் வில்லியம் டைட்டன் ஹார்ட்லியைக் கைது செய்ய வைத்தார். பழிவாங்கும் வகையில் 1769 நவம்பரில் டைட்டனை அவர் வீட்டருகே சுட்டுக் கொன்றார்கள். இந்தக் கொலைதான் அரசின் முழுக் கவனத்தையும் இங்கே திருப்பியது. 1770 ஏப்ரல் 28 அன்று யார்க் நகருக்கு அருகில் ஹார்ட்லி தூக்கிலிடப்பட்டார். அவர் வாழ்ந்த எரிங்டன் பகுதி ஹெப்டன்ஸ்டால் தேவாலயத்தின் எல்லைக்குள் இருந்ததால் உடல் இங்கே வந்தது. அவரை ஏழைகளின் காவலன் என்று கொண்டாடுவது இப்போது வழக்கமாகிவருகிறது. பஞ்சம் உண்மை, பலருக்கு வயிறு நிறைந்ததும் உண்மை. ஆனால் ஓர் அதிகாரி கொலையுண்டதையும் சாட்சி சொல்லத் துணிந்தவர்கள் மிரட்டப்பட்டதையும் விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

இதே தலைமுறையில் இதே ஊரில் வேறொரு வகைச் சுயேச்சையும் தலைதூக்கியது. அரசுத் தேவாலயத்துக்கு வெளியே மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்திய ஜான் வெஸ்லி இங்கே பலமுறை வந்து பிரசங்கித்தார். 1764இல் எண்கோண வடிவில் கட்டத் தொடங்கிய மெதடிஸ்ட் ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது; தொடர்ந்து வழிபாடு நடக்கும் மிகப் பழைய மெதடிஸ்ட் ஆலயங்களில் ஒன்று அது. கூட்டம் பெருகியதால் 1802இல் இரண்டு பக்கங்களை நீட்டினார்கள். அதனால் எண்கோணம் இப்போது சற்று நீண்டு தெரிகிறது. நிலக்கிழாரின் தயவில் வாழாமல் சொந்தத் தறியில் பிழைத்த குடும்பங்கள், வழிபாட்டையும் தாங்களே அமைத்துக்கொள்ளத் துணிந்ததில் வியப்பில்லை.

தொழில் இறங்கிய வரிசை

இறக்கம் ஒரே நாளில் நடக்கவில்லை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதன் விளைவு.

1. சந்தை போனது. 1779 ஜனவரி 1 அன்று ஹாலிஃபாக்ஸில் 315 அறைகள் கொண்ட பீஸ் ஹால் என்ற துணிச் சந்தை திறக்கப்பட்டது. வணிகர் அனைவரும் அங்கே கூடியதால் சிற்றூர்ச் சந்தைகளுக்கு வேலையில்லாமல் போனது.

2. விசை மாறியது. பருத்தி நூற்கும் இயந்திரங்களை ஓட்ட ஓடும் நீர் வேண்டும். நீர் பள்ளத்தாக்கில் இருந்தது. சுமார் 1800இல் ஹார்ட்காசில் க்ராக்ஸ் ஓடைக்கரையில் எழுந்த கிப்சன் மில் போன்றவை அப்படி உருவானவை.

3. பாதை இறங்கியது. பள்ளத்தாக்கின் அடியில் சுங்கச் சாலை வந்தது. ராச்டேல் கால்வாய் 1804இல் மான்செஸ்டர்வரை முழுமையடைந்தது. 1841இல் மான்செஸ்டர்-லீட்ஸ் ரயில் பாதை முழுதும் ஓடத் தொடங்கியது. நிலக்கரி படகிலும் ரயிலிலும் வந்ததால் நீராவி மில்கள் ஆற்றோரத்தை நிறைத்தன.

4. தறி தோற்றது. விசைத்தறியோடு கைத்தறி போட்டியிட முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மேட்டு ஊர்களின் நெசவாளர் கூலி சரிந்துகொண்டே போனது. அடுத்த தலைமுறை மில் வேலைக்கு இறங்கியது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் மில் துணியாக வந்து நம் நெசவாளர்களை வாட்டிய அதே லங்காஷயர் விசைத்தறி, தான் பிறந்த நாட்டின் கைத்தறியாளர்களையும் விட்டுவைக்கவில்லை.

ஹெப்டன் பிரிட்ஜ் முரட்டுப் பருத்தித் துணிக்கும் அதில் தைத்த உடைகளுக்கும் பெயர்பெற்ற மில் நகரமாக வளர்ந்தது. தட்டையான நிலம் முழுவதையும் மில்கள் எடுத்துக்கொண்டதால், தொழிலாளர் வீடுகளைச் சரிவிலேயே கட்ட வேண்டியிருந்தது. ஒரு வீட்டின் தலையில் இன்னொரு வீடு: கீழ் வீட்டுக்குக் கீழ்த்தெருவில் வாசல், மேல் வீட்டுக்கு மறுபக்கம் மேல்தெருவில் வாசல். இந்த இரட்டை அடுக்கு வீடுகள் இன்றும் அந்நகரின் அடையாளம். மில் புகை மேலேயும் ஏறியது. ஹெப்டன்ஸ்டாலின் மணற்கல் சுவர்கள் கறுத்திருப்பதற்குப் பெரும் காரணம் கீழிருந்து வந்த கரிப்புகைதான்.

பணம் கீழே போனதால், மேலே பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வசதி யாருக்கும் இல்லை. சன்னல் வரிசைகள், கல் பாவிய தெரு, துணிச் சந்தைக் கட்டடம் எல்லாம் தப்பியது இப்படித்தான். பிற்காலத்தில் வந்த பாதுகாப்புச் சட்டங்கள், வறுமை விட்டுவைத்ததைத்தான் காத்தன.

இன்றைய ஊர்

கிராமங்களையும் சேர்த்து ஹெப்டன்ஸ்டால் பாரிஷின் மக்கள்தொகை சுமார் 1,500. தொடக்கப் பள்ளி, மதுக்கடைகள், தேநீர்க் கடை, இரண்டு வழிபாட்டிடங்கள் உள்ளன. புனித வெள்ளியன்று ஊர்ச் சதுக்கத்தில் பேஸ் எக் என்னும் தெருக்கூத்து நடக்கிறது. செயின்ட் ஜார்ஜ் எதிரிகளோடு கத்திச்சண்டை போடுவார், விழுந்தவரை வைத்தியர் எழுப்புவார். வசனம் முழுதும் எதுகையில் அமைந்தது. நின்றுபோயிருந்த இந்தக் கூத்தை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்ளூர்க்காரர்கள் மீட்டெடுத்தார்கள். இப்போது அன்று ஒருநாள் சதுக்கத்தில் நிற்க இடம் கிடைக்காது.

கவிஞர் சில்வியா பிளாத் 1963இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டதால், வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர் அவர் கல்லறையைத் தேடி வருகிறார்கள். கல்லில் இருந்த கணவரின் குடும்பப் பெயரைச் சிலர் பலமுறை செதுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் துயரத்தில் அந்நியர்கள் இப்படிக் கைவைத்ததை எந்தக் கருத்தின் பெயராலும் ஏற்பது கடினம்.

குன்றின் அமைப்பு அன்றாடத்தை இன்னும் ஆட்டிவைக்கிறது. ஹெப்டன் பிரிட்ஜிலிருந்து காரில் மேலே வர, முதன்மைச் சாலையிலிருந்து நேரடியாகத் திரும்ப முடியாது; சந்திப்பின் கோணம் அவ்வளவு கூர்மையானது. ஆகவே வண்டிகள் சந்திப்பைத் தாண்டிச் சென்று, அதற்கென்றே அமைத்த வட்டத்தில் திரும்பி, எதிர்த்திசையில் வந்து ஏற வேண்டும். வழி தெரியாமல் வரும் லாரி ஓட்டுநர்களுக்கு இது தீராத தலைவலி.

மில்கள் மூடிய பிறகு 1970களில் ஹெப்டன் பிரிட்ஜின் மலிவான வீடுகளுக்குக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் குடிவந்தார்கள். பின்னர் லீட்ஸிலும் மான்செஸ்டரிலும் வேலை பார்ப்பவர்கள் ரயில் வசதியை நம்பி வந்தார்கள். அந்த அலை மேட்டையும் எட்டியது. நெசவாளர் வீடு இன்று விலை உயர்ந்த சொத்து. உள்ளூரில் பிறந்த இளையோருக்கு அது எட்டாமல் போவதும், சில வீடுகள் விடுமுறைக்கு மட்டும் விளக்கெரியும் வீடுகளாவதும் இதன் விளைவு.

மேட்டு நிலம் யாருக்கு?

தொடக்கத்தில் சொன்ன இரு செய்திகளும் இங்கே வந்து சேர்கின்றன. ஈரமான பீட் மண்ணும் அதன்மேல் வளரும் பாசியும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும். மண் வறண்டாலோ வடிகால் வெட்டப்பட்டாலோ மேற்பரப்பு கருகினாலோ, நீர் நேரே செங்குத்துச் சரிவில் பாய்ந்து சில மணி நேரத்தில் ஹெப்டன் பிரிட்ஜை அடைந்துவிடும். வேட்டையாடிச் சுடுவதற்கான பறவைகளை வளர்க்க மேட்டுப் புதர்களை எரிக்கும் வழக்கம் வெள்ளத்தை மோசமாக்குகிறது என்று உள்ளூர் அமைப்புகள் நீண்டகாலமாக வாதாடுகின்றன. 2015 வெள்ளத்துக்குப் பின் உருவான தன்னார்வக் குழு ஒன்று, ஹார்ட்காசில் க்ராக்ஸ் ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளால் நீர் கசியும் தடுப்புகளை அமைத்து ஓட்டத்தைத் தணித்துவருகிறது.

வால்ஷா மூர் காற்றாலைத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டபோது 65 காற்றாலைகள் பேசப்பட்டன. பின்னர் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆதரிப்பவர்கள் நாட்டுக்குத் தூய மின்சாரம் தேவை என்கிறார்கள்; அதை மறுக்க முடியாது. எதிர்ப்பவர்கள், அடித்தளமும் சாலையும் அமைக்கப் பீட் மண்ணைக் கிளறினால், அதில் சேர்ந்திருக்கும் கரிமம் வெளியேறும், வெள்ள அபாயமும் கூடும், தரையில் கூடுகட்டும் பறவைகளும் போகும் என்கிறார்கள். இரு தரப்பும் பருவநிலையின் பெயராலேயே பேசுவதுதான் செய்தியைப் படிப்பவரைக் குழப்புகிறது. காற்றாலை வேண்டுமா என்பதைவிட, ஆழமான பீட் மண்ணின்மேல் அது வேண்டுமா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

மேட்டு நிலம் வெளியூரின் தேவைக்குப் பயன்படுவது புதிதல்ல. 1900க்கும் 1912க்கும் இடையில் ஹாலிஃபாக்ஸுக்குக் குடிநீர் கொண்டுபோக வால்ஷா டீன் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. வேலைக்கு வந்தவர்களுக்கு ஹெப்டன்ஸ்டால் அருகே மரக்குடிசை ஊர் ஒன்றே எழுந்தது. கனடாவின் தங்க வேட்டை நகரை நினைத்து அதை 'டாசன் சிட்டி' என்று அழைத்தார்கள். பணி முடிந்ததும் குடிசைகள் கலைந்தன, தண்ணீர் ஹாலிஃபாக்ஸுக்குப் போனது.

ஹெப்டன்ஸ்டாலுக்கு இன்று பாரிஷ் கவுன்சில் உண்டு. தேவாலய நிர்வாகத்திலிருந்து பிரிந்த இந்தச் சிற்றூர் மன்றம் பாதை, இருக்கை போன்றவற்றைக் கவனிக்கும். கட்டட அனுமதியும் பள்ளியும் சாலையும் 1974இல் உருவான கால்டர்டேல் கவுன்சிலின் கையில். வால்ஷா மூர் அளவுள்ள மின் திட்டத்தை முடிவு செய்வதோ லண்டனில் உள்ள அமைச்சர். பாரிஷ் கவுன்சில் அதற்குக் கருத்து எழுதி அனுப்பலாம். 1555இல் தம் மலட்டு நிலத்தைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தையே இணங்கவைத்தவர்களின் ஊர், இம்முறை தன் சதுப்பு நிலத்தைக் காரணம் காட்டி எழுத வேண்டியிருக்கிறது.